தெனாரியமும் பணமும்: நற்செய்தியில் ஒரு நாணயச் சொல்

மூலக்கொத்தளம் என்னும் பெயரை நாள்தோறும் உச்சரிப்பவர் பலர். அப்பெயருக்குள் ஒரு கொத்தளம் நிற்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனியார் சென்னையின் கறுப்பர் நகரைச் சுற்றி எழுப்பிய மதிலின் மூலை அரணே அப்பெயருக்குக் காரணம் என்பர். மதிலின் செலவுக்காக நகரத்தார்மீது சுமத்த எண்ணிய வரியின் நினைவாக வால்டாக்ஸ் சாலை கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளி ரூபாய் அடித்த நாணயச்சாலையின் நினைவாகத் தங்கசாலை இருக்கிறது. சற்றே கடற்பக்கம் நடந்தால், மீனவரும் படகோட்டிகளும் போற்றிய புனித இராயப்பரின் பெயரைத் தாங்கிய இராயபுரம். அரண், வரி, நாணயம், திருத்தூதர் என நான்கும் ஒரு காலை நடைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆயினும் வால்டாக்ஸ் சாலையில் நடப்பவர் காதில் வரி ஒலிப்பதில்லை. தங்கசாலையில் பேருந்துக்குக் காத்திருப்பவர் காதில் சம்மட்டி ஓசை கேட்பதில்லை. பெயர் நின்றுவிட்டது, பொருள் நகர்ந்துவிட்டது.

இதே கதி நற்செய்தியில் வரும் ஒரு நாணயத்துக்கும் நேர்ந்திருக்கிறதோ என்னும் ஐயமே இக்கட்டுரையின் தொடக்கம். உரோமைப் பேரரசின் வெள்ளிக்காசான 'தெனாரியுஸ்' புதிய ஏற்பாட்டில் பல இடங்களில் வருகிறது. திராட்சைத் தோட்ட வேலையாள்களின் கூலியாக, சீசருக்கு உரிய வரியாக, நல்ல சமாரியர் சாவடிக்காரரிடம் கொடுத்த செலவாக, உடன்பணியாளரின் கடனாக, நறுமணத் தைலத்தின் விலையாக அது கைமாறிக்கொண்டே இருக்கிறது. இதனைத் தமிழில் எப்படிச் சொல்வது? பிற சபைச் சகோதரர்கள் இன்றும் போற்றி வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையிலான குழுவினரால் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அது இக்காசைப் 'பணம்' என்றும் ஓரிடத்தில் 'வெள்ளிப்பணம்' என்றும் சொல்கிறது. 1995இல் வெளிவந்து நம் வழிபாட்டில் ஒலிக்கும் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'தெனாரியம்' என்கிறது. இரண்டில் எது சரி என்பதைவிட, ஒவ்வொன்றும் நமக்கு எதைத் தருகிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பதே திறனாய்வுக்கு அழகு.

நாணயத்தின் இயல்பு

சொல்லை எடைபோடுமுன் காசை எடைபோடுவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில், கார்த்தேசுக்கு எதிரான போரின் நெருக்கடியில், உரோமையர் தெனாரியத்தை அடிக்கத் தொடங்கினர். தொடக்கத்தில் பத்து செப்புக்காசுகளுக்கு ஈடாக இருந்ததால் 'பத்துடையது' என்னும் பொருளில் இப்பெயர் பெற்றது. பின்னர் அது பதினாறு செப்புக்காசு மதிப்புக்கு உயர்ந்தபோதும் பெயர் மாறவில்லை. இருபத்தைந்து தெனாரியம் ஒரு பொற்காசு. இயேசு வாழ்ந்த நாள்களில் அது ஏறக்குறைய கலப்பற்ற வெள்ளி. எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நம் தங்கசாலை வெளியிட்ட கம்பெனி ரூபாயில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி இருந்தது. ஆக மூன்று தெனாரியத்தை உருக்கினால் ஒரு பழைய வெள்ளி ரூபாய் தேறும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வெள்ளியின் எடையைவிட உழைப்பின் எடையே முக்கியம். அகுஸ்து சீசர் காலத்துப் படைவீரர் ஒருவரின் ஆண்டு ஊதியம் 225 தெனாரியம். அதிலிருந்து உணவுக்கும் உடைக்கும் பிடித்தம் உண்டு. உவமையில் வரும் தோட்டக் கூலியாள் விடியலில் இருந்து மாலை வரை வியர்வை சிந்தி ஒரு தெனாரியம் பெறுகிறார். ஆகவே நற்செய்தியில் இக்காசு வரும் இடமெல்லாம் ஓர் உழைப்பாளரின் ஒரு பகல் வந்து போகிறது.

திபேரியு சீசர் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டார். அவருடைய தெனாரியத்தின் ஒரு பக்கத்தில் மலர்வாகை சூடிய அவரது தலை. சுற்றிலும் அவரைத் தெய்வமாக்கப்பட்ட அகுஸ்துவின் மகன் என்று அறிவிக்கும் இலத்தீன் எழுத்துகள். மறுபக்கத்தில் இருக்கையில் அமர்ந்த ஒரு பெண்ணுருவம். அருகே பேரரசரை உரோமையின் தலைமைக் குரு என்று குறிக்கும் பட்டம். யூதர் ஒருவர் அந்தக் காசைத் தொடும்போது அவர் கையில் வெறும் வரி இருக்கவில்லை. ஒரு மனிதனைத் தெய்வமகன் என்று பறைசாற்றும் அறிக்கை இருந்தது.

பழைய சொல்லின் வீடு

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அறியாமையால் 'பணம்' என்று எழுதிவிடவில்லை. அவர்கள் காலத்துக்குச் சற்று முன்புவரை பணம் என்பது பொதுவான செல்வத்தைக் குறிக்கும் சொல் மட்டுமன்று. கையில் எடுத்து எண்ணக்கூடிய ஒரு நாணயத்தின் பெயர். கம்பெனியார் ஆட்சியில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று சென்னையில் கணக்கெழுதினர். 1818இல் வெள்ளி ரூபாய் இம்மாகாணத்தின் அடிப்படை நாணயம் ஆனபின் பணம் மெல்ல மறைந்தது. எனவே அந்த மொழிபெயர்ப்பைக் கேட்ட முதல் தலைமுறையில், தங்கள் தாத்தாக்கள் வெள்ளிப் பணங்களை எண்ணியதைக் கண்டவர்கள் இருந்திருப்பர். அவர்களுக்கு அச்சொல் வட்டமானது, பளபளப்பானது, ஒலி எழுப்புவது.

இன்னொரு சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். அதே மொழிபெயர்ப்பு சீசரை 'இராயன்' என்று அழைக்கிறது. விசயநகரப் பேரரசர்களை இராயர் என்று அறிந்திருந்த மண்ணில் தொலைவிலிருந்து ஆளும் பேரரசனுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஏது? அங்கே ஆட்சியும் நாணயமும் ஒருசேர நம் வீட்டுக்குள் அழைத்துவரப்பட்டன. இராயன் ஆள்கிறான், பணம் அடிக்கிறான், வரி கேட்கிறான்: தமிழ்க் குடியானவர் எவரும் உரைவிளக்கமின்றிப் புரிந்துகொள்வார். கொள்கையில் ஒருமை கொண்ட மொழிபெயர்ப்பு அது. அதன் தமிழ் நடையைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் இந்த ஒருமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் மொழி நிற்கவில்லை. பணம் என்னும் நாணயம் மறைந்தபின், சொல் பொதுப்பொருளுக்குப் பரவிவிட்டது. இன்று 'ஒரு பணம்' என்று கேட்பவருக்கு அளவே தோன்றாது. உடன்பணியாளரிடம் நூறு தெனாரியம் கடன்பட்ட மனிதரின் உவமையை எடுத்துக்கொள்வோம். அரசருக்குப் பட்ட கடன் பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம் என்று வைத்தால் அது ஆறு கோடி தெனாரியம். அதன்முன் நூறு என்பது துச்சமாகத் தெரிகிறது. ஆகவே மறையுரைகளில் பலமுறை, சில்லறைக் கடனைக்கூட மன்னிக்காத கொடியவன் என்று அப்பணியாளரைச் சித்திரிக்கிறோம். நூறு தெனாரியம் என்பது நூறு பகல் உழைப்பு. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி. எந்த ஏழைக்கும் அது சில்லறை ஆகாது. அதை மன்னிப்பவர் உண்மையாகவே இழக்கிறார். பிறர் குற்றத்தை மன்னிப்பது எளிது என்று உவமை சொல்லவில்லை. வலிக்கும், இருந்தும் மன்னிக்க வேண்டும் என்கிறது. சொல் தன் எடையை இழந்ததால் உவமையும் தன் கூர்மையை இழந்துவிட்டது.

புதிய சொல்லின் நேர்மை

1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் தனக்கென ஓர் ஒருமை கொண்டதே. இராயன் சீசர் ஆனார். பணம் தெனாரியம் ஆயிற்று. காணாமற்போன வெள்ளிக்காசு திராக்மா ஆயிற்று. நற்செய்தி நிகழ்ந்தது எங்கோ ஒரு பொதுவெளியில் அன்று. குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட பேரரசின் கீழ், குறிப்பிட்ட காசுகள் புழங்கிய நாட்டில் என்பதை இச்சொற்கள் வற்புறுத்துகின்றன. கடவுள் வரலாற்றுக்குள் வந்தார் என்று அறிக்கையிடும் நமக்கு இது சிறிய காரியம் அன்று. பொந்தியு பிலாத்துவின் பெயரை நம்பிக்கை அறிக்கையில் நாம் தமிழாக்கிக்கொள்ளவில்லை. அவ்வாறே அவர் காலத்துக் காசின் பெயரும் இருக்கட்டும் என்பது வலுவான வாதம்.

வரி பற்றிய நிகழ்ச்சியில் இச்சொல் மிகச் சிறப்பாகத் தன் பணியைச் செய்கிறது. அங்கே எல்லாம் காசின் முகத்தில் நிற்கிறது. இயேசு காசைத் தம் பையிலிருந்து எடுக்கவில்லை. கேட்டவர்களிடமே காட்டச் சொல்கிறார். உருவமும் எழுத்தும் யாருடையவை என்று வினவுகிறார். எதிரிகளின் மடியிலிருந்தே சீசரின் முகம் வெளிப்பட்டபோது வாதம் பாதி முடிந்துவிடுகிறது. 'தெனாரியம்' என்னும் அயலொலி, அந்தக் காசு வெளியிலிருந்து வந்து மக்கள்மீது அமர்ந்த ஆட்சியின் அடையாளம் என்பதை நம் காதுக்கு உணர்த்துகிறது. 'பணம்' என்றால் அந்த உரசல் தோன்றாது. நாணயத்தில் சீசரின் உருவம், மனிதரில் கடவுளின் உருவம். அவரவர் உருவம் தாங்கியதை அவரவரிடம் சேர்க்க வேண்டும் என்று 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தெர்த்துல்லியன் விளக்கினார். அவ்விளக்கம் உயிர்பெற வேண்டுமானால் காசுக்கு ஒரு முகம் வேண்டும்.

குறை எங்கே? வரிக்காட்சியில் ஒளிரும் இதே சொல், கூலிக்காட்சியில் மங்கிவிடுகிறது. ஞாயிறு வழிபாட்டில் திராட்சைத் தோட்ட உவமை வாசிக்கப்படும்போது பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கொத்தனாரோ சுமைதூக்குபவரோ 'தெனாரியம்' என்று கேட்டதும், இது தமக்குத் தொடர்பில்லாத ஏதோ ஓர் அயல்நாட்டுத் தொகை என்று ஒதுங்கிவிடலாம். அடிக்குறிப்பு உதவாதா என்பீர்கள். அடிக்குறிப்பு கண்ணுக்கு உரியது. வாசகமேடையிலிருந்து வருவது காதுக்கு உரியது. உவமைக்குள் எல்லாரையும்விட எளிதாக நுழையக்கூடியவர் யாரோ, அவர் சொல்லின் வாசலிலேயே நின்றுவிடுகிறார். இது மொழியழகு பற்றிய சிறு மனத்தாங்கல் அன்று. யாருக்கு நற்செய்தி என்னும் கேள்வி.

அயற்சொல் தானா?

இவ்விடத்தில் ஒரு தடை எழும். தமிழில் காசு, பணம், வெள்ளி, பொன் என்று இத்தனை சொற்கள் இருக்க அயற்சொல் எதற்கு? இக்கேள்வியை மூலக்கொத்தளத்திலிருந்து எழுப்பினால் அதற்குத் தனி உரிமை உண்டு. 1939இல், கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைப்பட்டுக் காவலிலேயே உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் துயில்வது அங்குள்ள இடுகாட்டில்தான். மொழியின் மானம் பற்றி அந்த மண்ணுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆயின் அவர்கள் எதிர்த்தது திணிப்பை. வணிகமும் உழைப்பும் வழிபாடும் காலந்தோறும் கொண்டுவந்து சேர்த்த சொற்கள் வேறு வகை. கோயிலும் நற்கருணையும் நமக்கு இருப்பதுபோலவே பாஸ்காவும் ஆமெனும் நம்முடையவை ஆகிவிட்டன.

அதற்கும் மேலாக, தெனாரியம் தமிழ் மண்ணுக்கு அயலார் என்று சொல்லவே முடியாது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஒரு பானையில் 522 உரோமை வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு ஆகியோருடையவை. உடுமலைப்பேட்டை வட்டத்துப் பூதிநத்தத்தில் 1946இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட தெனாரியங்கள் வெளிப்பட்டன. அவற்றிலும் திபேரியுவின் முகமே மிகுதி. கரூரிலும் பொள்ளாச்சியிலும் இத்தகைய புதையல்கள் தோன்றியுள்ளன. மேற்குக் கரைத் துறையான முசிறியில் இறங்கிய காசுகள் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் நீலப்பச்சைக் கல்லுக்கும் உரோமை தந்த விலை அது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்சு, அதாவது ஒன்றேகால் கோடி தெனாரியம், உறிஞ்சுகிறது என்று முதிய பிளினி அக்காலத்திலேயே அங்கலாய்த்தார். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றில் தாயங்கண்ணனார் பாடியிருக்கிறார். அவர் பொன்னையே குறித்தார். மண்ணோ வெள்ளியையும் சேர்த்துச் சாட்சி சொல்கிறது.

இதில் வியப்பூட்டும் ஒரு முரண் உண்டு. இயேசுவின் காலத்தைச் சேர்ந்த யூதேய மண்ணடுக்குகளில் திபேரியுவின் தெனாரியம் அரிதாகவே கிடைக்கிறது. அங்கு மிகுதியாகப் புழங்கிய பெருவெள்ளி தீர் நகரக் காசுகள். ஆனால் கொங்கு மண்ணில் அதே திபேரியுவின் முகம் நூற்றுக்கணக்கில் உறங்கியது. எருசலேம் கோவில் முற்றத்தில் இயேசுவின் முன் நீட்டப்பட்டது என்று மரபு கருதும் காசை, அதே தலைமுறையில் வெள்ளலூர் வணிகர் ஒருவர் எண்ணிப் பானையில் இட்டிருக்கலாம். உலகின் வேறெந்த மொழியில் விவிலியம் வாசிப்பவரைவிடவும் தமிழர் அச்சொல்லைக் கேட்டு அந்நியப்பட வேண்டியதில்லை.

நம் முன்னோர் அக்காசின் முகத்தை எப்படிப் பார்த்தார்கள்? பேரரசரின் ஆட்சி இங்கு செல்லாது. எனவே முகத்துக்கு மதிப்பில்லை, உலோகத்துக்கே மதிப்பு. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 உரோமைப் பொற்காசுகளில் மிகப் பலவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. இனி இது காசு அன்று, வெறும் பொன் என்று அறிவித்த வெட்டு என அறிஞர் சிலர் கருதுவர். எப்படியாயினும், சீசரின் முகத்துக்கு முன் தலைவணங்காத ஒரு கை அங்கே இருந்திருக்கிறது. எருசலேமில் ஒரு கேள்வி அம்முகத்தின் அதிகாரத்துக்கு எல்லை கட்டியது. தமிழகத்தில் ஓர் உளி.

சொல்லும் அவ்வாறே நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. இலத்தீன் தெனாரியுஸ் கிரேக்கத்தின் வழியே அரபியில் தினார் ஆயிற்று. வடமொழிக் கல்வெட்டுகளில் குப்தர் பொற்காசுக்கு தீனாரம் என்று பெயர். 1961இல் குவைத்து நாடு தினாரை நாணயமாக்கியது. அதற்கு முன் அங்கே புழங்கியது இந்திய ரூபாயே. குவைத்திலும் பகுரைனிலும் உழைக்கும் தமிழர் வீட்டுக்கு எழுதுகையில், தினார் இறங்கிவிட்டது, ஏறிவிட்டது என்று எழுதுகிறார்கள். வடசென்னையின் எத்தனையோ குடும்பங்களில் ஒரு பெண் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் தினாரில் கணக்குப் போட்டுப் பழகியிருக்கிறார். அவரிடம் போய், தினாரும் தெனாரியமும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று சொல்லிப்பாருங்கள். திராட்சைத் தோட்டக் கூலி அவருக்கு ஒரு நொடியில் விளங்கும். கடல்கடந்து வெயிலில் நின்று ஈட்டும் கூலி என்னவென்று அவர் வீடு அறியும்.

வேறு வழிகள்

மூன்றாவது வழியாக, கூலி உவமையில் மட்டும் 'ஒரு நாள் கூலி' என்று பொருள் சொல்லிவிடலாமே என்று சிலர் கருதுவர். பரிவுள்ள யோசனைதான், ஆனால் உவமையின் நுட்பம் அதில் கரைந்துபோகும். நாள் ஒன்றுக்கு ஒரு நாள் கூலி பேசினார் என்றால் பேச்சுவார்த்தையே பொருளற்றதாகிவிடும். மேலும், மாலையில் ஒவ்வொருவர் கையிலும் விழுவது ஒரே அளவான, கண்ணால் காணத்தக்க ஒரு காசு. முணுமுணுப்பு பிறப்பதே அந்தக் காட்சியில்தான்.

'வெள்ளிக்காசு' என்றால் என்ன? அழகிய தமிழ், ஆனால் அச்சொல்லை யூதாசின் முப்பது காசுகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. அவை பெரும்பாலும் தீர் நகரத்துப் பெருங்காசுகள். தெனாரியத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு எடையுள்ளவை. தோட்டக்காரரின் கூலியும் காட்டிக்கொடுத்தவரின் கூலியும் ஒரே பெயரில் ஒலிப்பது கேட்பவரைத் திசைதிருப்பும். ஆகவே கொள்கை அளவில் 'தெனாரியம்' நிற்கட்டும் என்பதே இக்கட்டுரையின் தீர்ப்பு. ஆனால் அதற்கு உயிர் கொடுக்கும் கடமை மொழிபெயர்ப்பாளரோடு முடிந்துவிடவில்லை. மறையுரையாளரும் மறைக்கல்வி ஆசிரியரும் வாசகரும் அதை ஏற்க வேண்டும்.

உடைக்காத காசு

இச்சொல்லுக்கு எடை திரும்பினால் என்ன கிடைக்கும் என்பதைத் திராட்சைத் தோட்டத்திலேயே பார்ப்போம். அக்காலத்தில் ஒரு தெனாரியத்துக்குப் பதினாறு செப்புக்காசு. நடுவே நான்கு செஸ்தர்சு. சில்லறைக்குப் பஞ்சமில்லை. ஒரு மணி நேரம் உழைத்தவருக்கு ஒன்றிரண்டு செப்புக்காசைக் கணக்கிட்டுக் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது; அது நியாயமும்கூட. தோட்டக்காரரிடம் சில்லறை இல்லாததால் முழுக்காசு கொடுத்தார் என்பதற்கில்லை. உடைக்கக் கூடியதை அவர் உடைக்கவில்லை. கடைசியாக வந்தவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். செப்புக்காசுக்கு ஒரு குடும்பத்தின் இரவுணவு வராது. தெனாரியம் என்ற சொல்லின் அளவு தெரிந்தவருக்கே இந்த முடிவின் வேகம் புரியும்.

அந்தக் கடைசி மனிதர் சோம்பேறியும் அல்லர். பகல் முழுதும் சந்தைவெளியில் நின்றிருக்கிறார். ஏன் என்றதற்கு, தம்மை எவரும் அமர்த்தவில்லை என்கிறார். வடசென்னைத் துறைமுகத்தின் வரலாறு அறிந்தவர்க்கு இக்குரல் புதிதன்று. ஒருகாலத்தில் கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. மேஸ்திரி கைகாட்டியவர் உள்ளே, மற்றவர் வெளியே. துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இல் இந்நிலையை மாற்ற வந்தது. அதன்கீழ் உருவான திட்டங்களில், பதிவுபெற்ற தொழிலாளி முறைப்படி வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி என ஒரு தொகை இருந்தது. மாதத்துக்கு இத்தனை நாள் கூலி உறுதி என்ற ஏற்பாடும் இருந்தது. வந்து நின்றதும் ஒரு வகையில் உழைப்பே, காத்திருந்த வயிறும் வயிறே என்று ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டது. தோட்டக்காரரின் தெனாரியத்தோடு அந்த வருகைப்படிக்கு உறவு உண்டு. அந்தப் பாதுகாப்பு எட்டாத கட்டடக் கூலிகளும், தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்து எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளரும் இன்றும் விடியலில் நிற்கிறார்கள். பதினோராம் மணி அவர்களுக்கு உவமை அன்று.

நல்ல சமாரியரும் இவ்வாறே புதிய எடை பெறுகிறார். அவர் கொடுத்த இரண்டு தெனாரியம் ஓர் உழைப்பாளரின் இரண்டு பகல்; போதாவிட்டால் திரும்பும்போது தருகிறேன் என்ற உறுதி வேறு. பெத்தானியாவில் உடைந்த படிகச் சிமிழின் மதிப்பு முந்நூறு தெனாரியத்துக்கு மேல். ஓர் ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் வழிந்தோடியது. சுற்றியிருந்தோரின் கோபம் இப்போது புரிகிறது. அதைத் தாண்டிய இயேசுவின் கனிவும் புரிகிறது.

வெள்ளி மங்கிய கதை

தெனாரியத்தின் பிற்கால வரலாறு இவற்றுக்கெல்லாம் ஓர் உரைபோல் அமைந்திருக்கிறது. கி.பி. 64இல், உரோமை எரிந்த ஆண்டை ஒட்டி, நீரோ காசின் எடையையும் வெள்ளித் தூய்மையையும் குறைத்தார். தமிழகப் புதையல்களில் நீரோவுக்கு முற்பட்ட வெள்ளியே பெருமளவு இருப்பதற்கு, நல்ல வெள்ளியை நம் வணிகர் இனங்கண்டதும் ஒரு காரணம் என்பர். 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் செப்திமியு செவேருவின் காலத்தில் வெள்ளி ஏறத்தாழப் பாதியானது. 215இல் கரகல்லா வெளியிட்ட புதிய இரட்டைக்காசு தெனாரியத்தை ஒதுக்கித் தள்ளியது. அதுவும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், மேலே வெள்ளிப்பூச்சும் உள்ளே செம்புமாகத் தேய்ந்தது. ஒவ்வொரு முறையும் பேரரசரின் முகம் மட்டும் குறையின்றிப் பொறிக்கப்பட்டது, பட்டங்களும் சுருங்கவில்லை. உலோகம் போய்க்கொண்டிருந்தபோது உருவம் மட்டும் கம்பீரமாய் நின்றது. அதன் சுமை யார்மேல் விழுந்திருக்கும்? நாளுக்கு ஒரு காசு என்று பேசி உழைத்தவர்மேல்தான். அவர் கையில் விழுந்தது பழைய பெயர். அவர் வீட்டுக்குப் போனது குறைந்த உணவு.

சீசருக்கு உரியது எது என்னும் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். முகம் அவருடையது. வெள்ளி மலையினுடையது, உழைப்பு மனிதருடையது, மனிதரில் பொறித்த உருவம் கடவுளுடையது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உரோமைக் காசுகளின் தொகுதி ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அங்கே திபேரியுவின் முகம் எவருக்கும் கட்டளையிடாமல் அமைதியாக இருக்கிறது.

அடுத்த முறை வாசகமேடையிலிருந்து 'தெனாரியம்' என்னும் சொல் ஒலிக்கும்போது, அதை ஓர் அயல்நாட்டுத் தொகையாகக் கடந்துவிட வேண்டாம். அது நம் மண்ணிலும் கிடந்த காசு. நம் மக்களின் கடிதங்களில் வேறு வடிவில் வாழும் சொல். யாரோ ஒருவரின் ஒரு பகல். இந்த மாலையில் நாம் யாருக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது, அதை முழுக்காசாகக் கொடுக்கிறோமா, செப்புக்காசாக உடைத்துக் கொடுக்கிறோமா என்று அச்சொல் நம்மைக் கேட்குமானால், மொழிபெயர்த்தவரின் உழைப்பு வீண்போகவில்லை.